தீர்ப்பளித்தவரின் கல்: கிறிஸ்தவத்தின் தொடக்கத்துக்கு மண் சொல்லும் சாட்சி

தமிழ்நாட்டுத் தேவாலயம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால் ஒரு ரோம அதிகாரியின் பெயர் காதில் விழும். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையாரும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் பொந்தியு பிலாத்து வந்துவிடுவார். இயேசுவையும் அவருடைய தாய் மரியாளையும் விட்டால் அதில் வரும் ஒரே மனிதப் பெயர் அதுதான். பேதுரு இல்லை, பவுல் இல்லை, பன்னிரு சீடரில் ஒருவர்கூட இல்லை. மரண தண்டனை கொடுத்தவர் மட்டும் இருக்கிறார். சோழர் கல்வெட்டுகள் ‘இன்ன அரசர்க்கு யாண்டு இத்தனை’ என்று தொடங்கிக் காலத்தை நிலைநிறுத்துமே, அந்த வேலையைத்தான் இந்தப் பெயர் செய்கிறது. இது இன்னார் ஆட்சியில் நடந்தது என்று குறித்துவைக்கிறது.

அப்படிக் குறித்துவைத்த பெயருக்குக் கல்லில் சாட்சி வருவதற்கு 1,900 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1961 ஜூனில், இன்றைய இஸ்ரேலின் கடற்கரையில் உள்ள செசரியாவில், அந்தோனியோ ஃப்ரோவா என்ற இத்தாலியத் தொல்லியலாளரின் குழு ரோமர் காலத்து அரங்கைத் தோண்டிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அரங்கைப் பழுதுபார்த்தவர்கள் படிக்கல்லாகப் போட்டிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லைப் புரட்டினார்கள். சுமார் 82 செ.மீ. உயரம், 65 செ.மீ. அகலம். இடப்பக்கம் சிதைந்து, லத்தீன் எழுத்துகள் பாதிதான் மிஞ்சியிருந்தன. முதல் வரியில் பேரரசர் டிபேரியஸின் பெயரால் எழுந்த ஒரு கட்டடம் குறிப்பிடப்படுகிறது. இரண்டாம் வரியில் ‘...ந்தியுஸ் பிலாத்துஸ்’. மூன்றாம் வரியில், பாதி உடைந்த சொல்லாக, அவர் வகித்த பதவியும் யூதேயா என்ற பெயரும்.

கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர் பிலாத்து. அவரைப் பற்றி ஃபைலோ, ஜோசபஸ் ஆகிய யூத எழுத்தாளர்களும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதியிருந்தார்கள். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் இருக்கிறார். ஆனால் அந்த நூல்கள் எல்லாம் பிற்காலத்துக் கைகள் படியெடுத்துப் படியெடுத்து நமக்கு வந்தவை. அவர் வெளியிட்ட சிறு வெண்கலக் காசுகளிலும் பேரரசரின் பெயர்தான் இருக்கும். செசரியாக் கல்லோ அவர் பதவியில் இருந்தபோதே, அவர் சொல்லி வெட்டப்பட்டது. ஒரு சின்னப் பிழையையும் அது திருத்தியது. டாசிட்டஸ் பிலாத்துவை ‘புரோகுரேட்டர்’ என்கிறார். கல்லோ ‘பிரிஃபெக்ட்’ என்கிறது. பேரரசர் கிளாடியஸ் காலத்திலிருந்துதான் யூதேயாவின் ஆளுநர்கள் புரோகுரேட்டர் என்று அழைக்கப்பட்டார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய டாசிட்டஸ் தமக்குப் பழகிய பட்டத்தையே போட்டுவிட்டார்.

தண்டித்தவருக்குக் கல் கிடைத்துவிட்டது. தண்டிக்கப்பட்டவருக்கு? இயேசு வாழ்ந்த காலத்திலேயே அவர் பெயரைச் சொல்லி வெட்டிய கல்வெட்டோ, காசோ, ஏடோ இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. இதை வைத்து ‘அப்படி ஒருவர் வாழவே இல்லை’ என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதம் கல்லைப் பற்றிய அடிப்படை உண்மை ஒன்றை மறக்கிறது. கல் வெட்டப் பணம் வேண்டும், பதவி வேண்டும், வெட்டுவதற்கு ஒரு காரணமும் வேண்டும். கலிலேயாவின் கிராமத்து மனிதர் ஒருவருக்கு இவற்றில் எது இருந்தது? முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவத்தைத் தேடிப் போகிறவர்கள் ஆட்சியாளர், ஆசாரியர், நீதிபதி, ஏளனம் செய்தவர் என்று எதிர்ப்பக்கத்து ஆட்களையே முதலில் சந்திக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் தங்கள் கையால் விட்டுச்சென்ற பொருள்கள் வெகு பின்னால்தான் மண்ணில் தலைகாட்டுகின்றன. இந்தச் சாட்சியங்களைப் படிக்க இதுவே சரியான வாசல் என்று எனக்குப் படுகிறது.

நாசரேத்தையே எடுத்துக்கொள்வோம். எபிரேய வேதத்தில் அந்த ஊர் இல்லை. கலிலேயாவின் ஊர்களை அடுக்கிச் சொல்லும் ஜோசபஸும் அதைச் சொல்லவில்லை. ஊரே கற்பனை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். பிலாத்துவின் கல் கிடைத்த மறு ஆண்டே, அதே செசரியாவில், ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. எருசலேம் ஆலயம் அழிந்தபின் ஆசாரியக் குடும்பங்கள் எந்தெந்த ஊரில் குடியேறின என்ற பட்டியல் அது. அதில் நாசரேத் இருந்தது. அந்தக் கல்வெட்டு 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால் இயேசுவின் காலத்துக்கு அது நேரடிச் சாட்சி ஆகாது. அந்தச் சாட்சி ஊரின் தரைக்கடியிலேயே இருந்தது: பாறையில் குடைந்த தானியக் குழிகள், நீர்த்தொட்டிகள், முதல் நூற்றாண்டுப் பாணிக் கல்லறைகள். 2009இல் மங்கள வார்த்தைப் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே அக்காலத்து எளிய வீடு ஒன்றின் சுவர்களும் முற்றமும் வெளிப்பட்டன. சுண்ணக்கல்லில் கடைந்த பாத்திரத் துண்டுகளும் அங்கே கிடைத்தன. மண்பாத்திரம் தீட்டுப்படும், கல் பாத்திரம் தீட்டுப்படாது என்பது அன்றைய யூத வழக்கம். ஆக, நாசரேத் சில நூறு பேர் வாழ்ந்த யூதக் கிராமம். ஊர்ப் பட்டியல் போடுகிறவர் கண்ணில் படாமல் போகக்கூடிய அளவு சின்ன ஊர்.

1986இல் கலிலேயக் கடலில் வறட்சியால் நீர் வற்றியபோது சேற்றிலிருந்து ஒரு படகு வெளிவந்தது. ஏறத்தாழ 8 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். கரிமக் கணிப்பு அதைக் கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடையே வைக்கிறது. ‘இயேசு படகு’ என்று சுற்றுலாக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். இயேசுவுக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக எந்தத் தடயமும் இல்லை. எனக்கு அதில் முக்கியமாகத் தோன்றுவது மரம். பன்னிரண்டு வகை மரங்களால் ஒட்டுப்போட்டு ஓட்டப்பட்ட படகு அது. புதுப் பலகை வாங்க முடியாதவர், பழைய படகுகளிலிருந்து கழற்றிய துண்டுகளை வைத்து அடைத்து அடைத்துக் கடலுக்குப் போயிருக்கிறார். பேதுருவும் யோவானும் எந்த வர்க்கத்திலிருந்து வந்தார்கள் என்பதை இந்தப் பலகைகளைப்போல எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தக் காலத்து எருசலேமில் இறந்தவரை முதலில் குகைக் கல்லறையில் கிடத்துவார்கள். ஓராண்டு கழித்து, தசை கரைந்தபின், எலும்புகளைத் திரட்டிச் சுண்ணக்கல் பெட்டி ஒன்றில் போட்டு மூடுவார்கள். 1990 நவம்பரில் நகரின் தெற்கே பூங்கா வேலை நடந்தபோது இப்படி ஒரு குடும்பக் கல்லறை திறந்துகொண்டது. உள்ளே இருந்த பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்றில் பூவேலைப்பாடு மிக நுட்பமாக இருந்தது. அதன் பக்கத்தில் ‘யோசேப்பு பார் காய்பா’ என்று கீறியிருந்தது. இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியரை நற்செய்தி நூல்கள் காய்பா என்று மட்டும் சொல்கின்றன. அவருடைய இயற்பெயர் யோசேப்பு என்பது ஜோசபஸ் வழியாகத்தான் தெரியும். பெட்டிக்குள் சுமார் 60 வயது ஆணின் எலும்புகளும் இருந்தன. எழுத்தைப் படிப்பதில் ஐயம் எழுப்புகிறவர்கள் உண்டு என்றாலும், இது அந்த ஆசாரியரின் குடும்பக் கல்லறை என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். இங்கும் பெயரோடு நம்மிடம் வந்து சேர்ந்தவர் தீர்ப்புச் சொன்ன பக்கத்தைச் சேர்ந்தவர்தான்.

தண்டனை பெற்ற பக்கத்துக்கு ஒரே ஒரு எலும்பு பேசுகிறது. 1968இல் எருசலேமின் வடக்கே கிவாத் ஹா மிவ்தாரில் கிடைத்த பெட்டியில் யெகோகனான் என்ற இளைஞரின் எலும்புகள் இருந்தன. வலது குதிகால் எலும்பின் ஊடே 11.5 செ.மீ. நீளமுள்ள இரும்பு ஆணி பாய்ந்திருந்தது. ரோமர் சிலுவையில் அறைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, எலும்பில் ஆணியோடு கிடைத்தவர் நெடுங்காலம் இவர் ஒருவர்தான். இங்கிலாந்தின் ஃபென்ஸ்டான்டனில் தோண்டியெடுத்த இன்னொரு எலும்புக்கூடு பற்றிய செய்தி 2021இல்தான் வந்தது. ஏன் இவ்வளவு அரிது? சிலுவையில் செத்தவருக்குப் பெரும்பாலும் கல்லறை கிடையாது. ஆணியைப் பிடுங்கித் திரும்பப் பயன்படுத்துவார்கள். சிலரைக் கயிற்றால் கட்டியே தொங்கவிடுவார்கள். யெகோகனானின் ஆணி நுனி மடங்கிப் பிடுங்க முடியாமல் போனதால்தான் எலும்போடு தங்கிவிட்டது. முனை வளையாமல் இருந்திருந்தால் அவரும் சாதாரணமாக இறந்தவர்களோடு சேர்ந்திருப்பார்.

இந்த எலும்பு இன்னொரு விவாதத்திலும் இடம்பெறுகிறது. சிலுவையில் அறையப்பட்டவரின் உடலை ரோமர் உறவினரிடம் கொடுத்திருக்கவே மாட்டார்கள், ஆகவே இயேசுவின் அடக்கக் கதை பிற்காலத்தில் சேர்த்தது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். யெகோகனானின் குடும்பம் உடலைப் பெற்றிருக்கிறது. குகையில் கிடத்தி, பின்பு எலும்பைத் திரட்டிப் பெயரெழுதிய பெட்டியில் போட்டிருக்கிறது. யூதர்கள் சிலுவையில் செத்தவர்களைக்கூடச் சூரியன் மறையுமுன் அடக்கம் செய்வார்கள் என்று ஜோசபஸும் எழுதுகிறார். இதனால் இயேசுவின் அடக்கம் நிறுவப்பட்டுவிடாது. நடந்திருக்கவே முடியாது என்ற வாதம் மட்டும் வலுவிழக்கிறது. தொல்லியல் செய்யக்கூடிய வேலை பெரும்பாலும் இந்த அளவுதான். உயிர்த்தெழுதலைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் மண்வெட்டி எதுவும் கிடையாது.

எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் மத்தேயு முதலில் அச்சாகியிருப்பதால் அதுவே பழையது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நமக்குக் கிடைத்துள்ள கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையவை பவுலின் கடிதங்கள். இயேசு இறந்து இருபது ஆண்டுகளுக்குள், கி.பி. 50ஐ ஒட்டி, தெசலோனிக்கேயருக்கு அவர் முதல் கடிதத்தை எழுதியிருக்கிறார். மாற்கு நற்செய்தி ஏறத்தாழ 70இல், மற்றவை அதன்பின் என்பதே அறிஞரிடையே பெரும்பான்மைக் கருத்து. பவுலுடையவை என்று ஏறக்குறைய எல்லா அறிஞரும் ஒப்புக்கொள்ளும் ஏழு கடிதங்கள் உள்ளன. எருசலேமில் கேபாவோடு, அதாவது பேதுருவோடு, பதினைந்து நாள் தங்கியதையும், ‘ஆண்டவரின் சகோதரரான யாக்கோபை’ நேரில் கண்டதையும் கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் சொல்கிறார். ஊர்ச் சண்டைக்கு நடுவே கோபத்தோடு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில் வரும் வரி இது. தம்பியை நேரில் பார்த்தேன் என்று ஒருவர் எழுதும்போது அண்ணனைக் கற்பனை மனிதர் என்று சொல்வது கடினம். இயேசு என்ற மனிதர் வாழ்ந்தார் என்பதை, மத நம்பிக்கை இல்லாத வரலாற்றாசிரியரும் பெரும்பாலும் ஏற்பதற்கு இந்த வரி ஒரு முக்கியக் காரணம்.

சரி, பவுலின் காலத்தை எதைக்கொண்டு இவ்வளவு துல்லியமாகக் கணிக்கிறார்கள்? இதற்கும் ஒரு நீதிபதியின் பெயர்தான் உதவுகிறது. கொரிந்து நகரில் யூதர்கள் பவுலைப் பிடித்து ஆளுநர் கல்லியோவின் நியாயாசனத்துக்கு முன் கொண்டுபோனார்கள், உங்கள் மத வழக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் விரட்டிவிட்டார் என அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கிரேக்க நாட்டின் டெல்ஃபியில் கிடைத்து, 1905 முதல் வெளிவந்த கல்வெட்டுத் துண்டுகளில் பேரரசர் கிளாடியஸின் கடிதம் ஒன்று உள்ளது. அதில் கல்லியோ தம் நண்பர் என்றும் மாகாண ஆளுநர் என்றும் கிளாடியஸ் குறிப்பிடுகிறார். படை அவரை 26ஆம் முறை ‘இம்பெராத்தோர்’ (வெற்றித் தளபதி) என்று வாழ்த்திய பிறகு எழுதிய கடிதம் அது. அந்த எண்ணைக் கொண்டு கடிதம் 52ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கணக்கிடலாம். ஆளுநர் பதவி வழக்கமாக ஓராண்டு என்பதால், பவுல் கல்லியோ முன் நின்றது 51 அல்லது 52. இந்த ஒரு முளையை அடித்துவிட்டுத்தான் பவுலின் வாழ்க்கையை முன்னும் பின்னும் அளக்கிறார்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களின் எழுத்துகளில் அதிகச் சர்ச்சை ஜோசபஸைச் சுற்றி. 93ஐ ஒட்டி அவர் எழுதிய யூதர் வரலாற்றின் 18ஆம் பகுதியில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ‘அவரே கிறிஸ்து’, ‘மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார்’ என்றெல்லாம் அதில் வருகிறது. கடைசிவரை யூதராகவே வாழ்ந்த ஒருவர் இப்படி எழுதியிருக்க வழியில்லை. ஜோசபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்காதவர் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே படியெடுத்த கிறிஸ்தவக் கை ஏதோ ஒன்று பத்தியில் நுழைந்திருக்கிறது. முழுப் பத்தியும் செருகலா, இயேசு பற்றி ஜோசபஸ் எழுதிய சில வரிகளுக்கு மேல் பூசிய பூச்சா என்பதே கேள்வி. பலர் இரண்டாவதை ஏற்கிறார்கள். எனக்கும் அதுவே பொருந்திவருகிறது. காரணம் 20ஆம் பகுதி. ஆளுநர் ஒருவர் இறந்து அடுத்தவர் வந்துசேராத இடைவெளியில், 62ஆம் ஆண்டில், பிரதான ஆசாரியர் அனனஸ் சிலரைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்ததை ஜோசபஸ் அங்கே விவரிக்கிறார். அவர்களில் ஒருவரை ‘கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர் யாக்கோபு’ என்கிறார். புகழ்ச்சி இல்லை, வணக்கம் இல்லை. எந்த யாக்கோபு என்று அடையாளம் காட்டும் குறிப்பு மட்டும். முன்பே ஒருமுறை இயேசுவைச் சொல்லியிருந்தால்தான் இப்படிச் சுருக்கமாகச் சொல்ல முடியும்.

டாசிட்டஸ் வெறுப்போடு எழுதுகிறார். 64இல் ரோம் எரிந்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டதைச் சொல்லும் இடத்தில், அந்தப் பெயருக்கு மூலமான கிறிஸ்து டிபேரியஸ் ஆட்சியில் பிலாத்துவால் மரண தண்டனை பெற்றார், அந்தக் கேடான மூடநம்பிக்கை சிறிது அடங்கி மறுபடி கிளம்பியது என்கிறார். வாய்மொழியில் கேட்டதா, அரசு ஆவணத்தில் பார்த்ததா என்று அவர் சொல்லவில்லை. எதுவானாலும், இப்படி இகழ்ந்து எழுதும் வாக்கியத்தைக் கிறிஸ்தவர் யாரும் செருகியிருக்க மாட்டார்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் நெருக்கமானது பிளினியின் கடிதம். இன்றைய துருக்கியின் வட பகுதியில் இருந்த பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் அவர். 112ஐ ஒட்டிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதுகிறார்: கிறிஸ்தவர்களை என்ன செய்வது? மும்முறை கேட்கிறேன், அப்போதும் ஆம் என்பவர்களைக் கொல்லச் சொல்கிறேன். மற்றவர்கள் சொன்னது இவ்வளவுதான்: குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணி மாறி மாறிப் பாடுவார்கள்; திருட மாட்டோம், நம்பிக்கைத் துரோகம் செய்ய மாட்டோம் என்று உறுதியேற்பார்கள்; பிறகு கூடி உண்பார்கள், அதுவும் சாதாரண உணவுதான். உண்மையை வரவழைக்க அவர் இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்திருக்கிறார். சபையில் அவர்களுக்குப் ‘பணிவிடையாளர்’ என்ற பொறுப்பு இருந்ததையும் அவரே எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயரை மட்டும் எழுதவில்லை. கோயில் பலி இறைச்சியை வாங்க ஆளில்லாமல் இருந்தது, இப்போது மறுபடி விற்கிறது என்று பேரரசருக்கு ஆறுதலும் சொல்கிறார். ஒரு புதிய மதம் ஊருக்குள் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இறைச்சிக் கடையைவிட நம்பகமான கணக்கு எங்கே கிடைக்கும்?

இயேசுவுக்கே ஒரு கல் வேண்டும் என்ற ஏக்கம் சந்தையையும் உண்டாக்கிவிட்டது. 2002 அக்டோபரில் ஓர் எலும்புப் பெட்டி உலகச் செய்தியானது. ‘யாக்கோபு, யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரர்’ என்று அதில் அரமேய எழுத்து. பெட்டி பழையதுதான், ஆனால் எழுத்து முழுவதுமோ ஒரு பகுதியோ பிற்காலத்துப் போலி என்று மறு ஆண்டே இஸ்ரேல் தொல்பொருள் துறை அறிவித்தது. வழக்கு ஏழாண்டுகள் நடந்தது. 2012இல் பெட்டிக்கு உரிமையாளரான சேகரிப்பாளர் போலி செய்ததாகச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதனால் எழுத்து உண்மையானது என்று ஆகிவிடாது என்பதையும் நீதிபதி தெளிவாகச் சொன்னார். இன்றும் அது அந்தரத்தில் நிற்கிறது. அகழாய்வில் கிடைத்திருந்தால் எந்தக் கல்லறை, எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன என்று கேட்டிருக்கலாம். கடையில் வாங்கிய பொருளிடம் அதைக் கேட்க முடியாது. ‘இயேசுவின் மனைவி’ என்ற சொல் வரும் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு 2012இல் வெளியானபோதும் இதே கதைதான் நடந்தது. அதைக் கொடுத்தவர் யார், எப்படிப்பட்டவர் என்பது 2016இல் அம்பலமானதும், வெளியிட்ட பேராசிரியரே அது போலியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். கல்லறைகளைக் கலைப்பவருக்கு மரண தண்டனை என்று சொல்லும் ‘நாசரேத் கல்வெட்டை’ இயேசுவின் காலியான கல்லறையோடு முடிச்சுப்போட்டவர்கள் பலர். அதுவும் சந்தை வழியாக வந்ததே. 2020இல் அந்தப் பளிங்கைச் சோதித்தபோது, அது கிரேக்கத்தின் கோஸ் தீவிலிருந்து வந்த கல் என்று தெரிந்தது. விசுவாசிகளுக்கு இதில் கெடுதல் அதிகம். ஒவ்வொரு போலியும் பிடிபடும்போது, மெய்யான சான்றுகள்மீதும் சந்தேகம் விழுகிறது.

இனி கிறிஸ்தவர்களே விட்டுச்சென்றவை. முதல் நூற்றாண்டில் அடையாளம் சொல்லக்கூடிய ஒரு பொருள்கூட இல்லை. அவர்களுக்குத் தனிக் கோயில் இல்லை, சின்னம் இல்லை; வாடகை வீட்டிலும் கடை மாடியிலும் கூடியவர்கள். அவர்களுடைய விளக்கும் பானையும் பக்கத்து வீட்டு விளக்கும் பானையும் ஒன்றுதான். இரண்டாம் நூற்றாண்டிலும் எகிப்தின் வறண்ட மணலில் பாப்பிரஸ் துண்டுகள்தான் மிஞ்சுகின்றன. அவற்றில் புகழ்பெற்றது மான்செஸ்டரின் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. 8.9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம்; உள்ளங்கையில் அடங்கிவிடும். 1920இல் எகிப்தில் வாங்கியது, 1935இல் வெளியானது. யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம். 125 வாக்கில் எழுதியது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கையெழுத்தை மட்டும் வைத்து அவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடியாது, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம்வரைகூடப் போகலாம் என்று இப்போது எச்சரிக்கிறார்கள். இரு பக்கமும் எழுத்து இருப்பதால் அது சுருளாக இருந்திருக்காது, தைத்த ஏடாகத்தான் இருந்திருக்கும். முன்பக்கத்தில் ஒரு வரி, பிலாத்து அரண்மனைக்குள் மறுபடி நுழையும் இடம். அவருடைய பெயர் தொடங்கும் இடத்தில் பாப்பிரஸ் கிழிந்திருக்கிறது. செசரியாக் கல்லில் பெயரின் முன்பாதி போயிற்று, இதில் பின்பகுதி.

ரோமின் பலத்தீன் குன்றில் 1857இல் வெளிப்பட்ட சுவர்க்கிறுக்கல் ஒன்று. கழுதைத் தலையுடைய ஒருவர் சிலுவையில். கீழே ஓர் இளைஞன் கையுயர்த்தி நிற்கிறான். எழுத்துப்பிழையோடு கிரேக்கத்தில் ‘அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’ என்று எழுதியிருக்கிறது. 200ஐ ஒட்டிய காலம் என்பது பொதுவான கணிப்பு. சிலுவையில் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று இப்படி ஏளனமாக இருப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பக்கத்து அறையின் சுவரில் வேறொரு கை லத்தீனில் எழுதியிருக்கிறது: ‘அலெக்சாமெனோஸ் விசுவாசி’. அவனே எழுதினானா, நண்பன் எழுதினானா, யார் அறிவார்.

250இல் பேரரசர் டெசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தில் கிடைத்துள்ளன. அதிகாரி முன்னிலையில் பலியிட்டேன், படைத்ததை உண்டேன், கையொப்பமிட்டுத் தாருங்கள் என்று ஒரே அச்சில் எழுதிய விண்ணப்பங்கள். முதலைத் தெய்வத்தின் பூசாரியான ஒரு பெண்கூட அதை வாங்கியிருக்கிறார்! வாங்க மறுத்தவர்களுக்கு, இயல்பாகவே, காகிதம் எதுவும் மிஞ்சவில்லை.

யூப்ரடீஸ் கரையில், இன்றைய சிரியாவில் இருந்த துரா-யூரோபோஸ் ஒரு விபத்தால் நமக்குக் கிடைத்தது. 256ஐ ஒட்டிப் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, கோட்டை மதிலைப் பலப்படுத்த உள்பக்கத் தெருவையே வீடுகளோடு மண்ணிட்டு நிரப்பினார்கள். நகரம் விழுந்து பாழானது. மண்ணுக்கடியில் வண்ணங்கள் அழியாமல் நின்றன. 1930களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு அறிஞரும் அங்கே ஒரு வீட்டைக் கண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண முற்றத்து வீடு. உள்ளே இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கியிருந்தார்கள். எழுபது பேர்வரை அமரலாம். இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி, அதன் மேல் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பர். சுவரில் திமிர்வாதக்காரன் தன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான்; பேதுரு தண்ணீரில் தடுமாறுகிறார்; பெண்கள் விளக்கேந்திக் கல்லறையை நோக்கிப் போகிறார்கள். சிலுவை எங்கும் இல்லை. அதே மதில் ஓரத்தில், சற்றுத் தள்ளி, சுவர் முழுக்கப் படங்களோடு ஒரு யூதத் தொழுகைக்கூடம். இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகளாக இருந்து, ஒரே மண்ணில் புதைந்தன.

துராவுக்கு வடக்கே, சிரியாக் மொழி பேசிய எதெசா வட்டாரத்தில்தான், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தோமாவின் நடபடிகள்’ எழுதப்பட்டது. சென்னைப் பரங்கிமலையை அறிந்த வாசகருக்கு இந்நேரம் இயேசுவின் சீடர் தோமாவின் நினைவு வந்திருக்கும். அந்த நூல் அவரை இந்தியாவில் குண்டஃபர் என்ற அரசனிடம் கொண்டுபோகிறது. வெறும் புனைவு என்று கருதப்பட்ட அந்த அரசன் பெயர் 19ஆம் நூற்றாண்டில் காசுகளில் கிடைத்தது. தக்த்-இ-பாகி கல்வெட்டு அவனை முதல் நூற்றாண்டின் நடுவில் நிறுத்துகிறது. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், இன்றைய பாகிஸ்தான் பக்கத்தில். முசிறிக்கு எகிப்திலிருந்து கப்பல் வந்துபோனதற்கு வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் ஒப்பந்தமே போதும். அதனால் பயணம் முடியாத காரியமல்ல. பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துச் சிலுவையோ தோமாவுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. சாத்தியம் வேறு, சான்று வேறு. தோமாக் கிறிஸ்தவர்களின் மரபு பழையது, மதிக்கத்தக்கது. அதைத் தாங்க இல்லாத கல்லைத் தேட வேண்டியதில்லை.

கடைசியாக, மெகிதோ. 2005இல் வட இஸ்ரேலில் உள்ள சிறைச்சாலையை விரிவாக்க இடம் தோண்டினார்கள். தோண்டியவர்களில் கைதிகளும் இருந்தார்கள். அடியில் ஒரு பாவுகல் தரை, நடுவே இரண்டு மீன்கள், மூன்று கிரேக்க வாசகங்கள். காலம் சுமார் 230 என்பது தோண்டியவர்களின் கணிப்பு. கிறிஸ்தவம் சட்டபூர்வமாவதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் முன்பு. ஒரு வாசகம், அகெப்தூஸ் என்ற பெண் ‘கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு’ நினைவாக மேசையைக் கொடுத்தாள் என்கிறது. இன்னொன்று, தரையைத் தன் செலவில் போட்டுக்கொடுத்தவர் கயானுஸ் என்கிறது. ‘நம் சகோதரர்’ என்று அவரை அழைத்து, அவர் தொழிலையும் சொல்கிறது: நூற்றுவர் தலைவர். பக்கத்திலேயே ரோமரின் ஆறாம் படைப்பிரிவின் பாசறை இருந்தது. இயேசுவை ஆணியடித்த அதே ரோமப் படையின் அதிகாரி ஒருவர், இருநூறு ஆண்டுகள் கழித்து, தம் சம்பளப் பணத்தில் அவர் பெயருக்குத் தரை பாவியிருக்கிறார்.

மூன்றாம் வாசகம் மிகச் சிறியது. பிரிமில்லாவையும் கிரியாக்காவையும் தொரோத்தேயாவையும், அவர்களோடு கிரெஸ்தேயையும் நினைவுகூருங்கள் என்கிறது. அந்த நான்கு பெண்கள் யார், என்ன செய்தார்கள் என்று தரை சொல்லவில்லை. பிளினி எழுதாமல் விட்ட இருவருக்கு ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின், பெயரோடு நான்கு பேர்.